முகப்பரு: பழி யாருக்கு?



வீட்டில் ஒரு பெண்பிள்ளை 13, 14 வயதை எட்டுகிறாள். அவளுடைய கன்னத்தில் சிவப்பாக ஒரு சிறு கொப்புளம் எழும்புகிறது. அவ்வளவுதான்! "எண்ணெய்ப் பலகாரமாகத் தின்றால் இப்படித்தான்" என்கிறார் உம்மா. "ரத்தம் கெட்டுவிட்டது, உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்கிறார் நன்னி. "முகத்தை ஒழுங்காகக் கழுவினால்தானே?" என்கிறார் மாமி. "நிக்காஹ் முடிந்தால் எல்லாம் தானே மறைந்துவிடும்" என்று கண் சிமிட்டுகிறார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. தீர்ப்புகள் நான்கு, குற்றவாளி மட்டும் ஒருத்தி!

இத்தீர்ப்புகள் வெறும் பேச்சோடு நின்றுவிடுமாயின் அவற்றைப் பற்றி இப்பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. அவை பிள்ளையின் உள்ளத்தில் வெட்கத்தை விதைக்கின்றன. வெட்கம் அவசரத்தை உண்டாக்குகிறது. அவசரமோ அவளை மருந்துக் கடைக்கு அனுப்பி, யாருக்கும் தெரியாமல் ஒரு கிரீம் குழாயை வாங்கச் செய்கிறது. பரு செய்யாத கேட்டை அந்தக் குழாய் செய்துவிடுகிறது. இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதுதான்.

நான் மருத்துவம் பயின்றவளல்லேன். கல்லூரியில் கலைப்பாடம் படித்துவிட்டு, மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள். ஆயினும், இரும்புலியூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று நாலாபுறமிருந்தும் வருகிற பிள்ளைகள் பாடம் முடிந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. தோல் மருத்துவத் துறையினர் ஆராய்ந்து கண்டவற்றை நம் இல்லங்களுக்குப் புரியும் வண்ணம் எடுத்துச் சொல்வதே என் வேலை.

பரு எவ்வாறு உண்டாகிறது?

நம் தோலில் மயிர்க்கால்தோறும் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. தோல் வறண்டு வெடிக்காதிருக்க அது சிறிது சிறிதாக எண்ணெயைச் சுரக்கிறது. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் இச்சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் மிகுதி. பிள்ளை பருவமடையும் காலத்தில் உடலில் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் கூடுகிறது. "ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு உரியதன்றோ?" என்று கேட்கலாம். பெண்ணுடலிலும் சிறிதளவு அது இயல்பாகவே சுரக்கிறது. அதன் தூண்டுதலால் எண்ணெய் மிகுதியாக ஊறுகிறது. அதே வேளையில் மயிர்க்காலின் வாயிலில் உதிர வேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில், எல்லாருடைய தோலிலும் இயல்பாக வாழ்கின்ற கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ் என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது. உடல் அதனை எதிர்த்துப் போரிடும்போது அவ்விடம் சிவந்து, வீங்கி, சீழ் கொள்கிறது. இதுவே பரு!

சுரப்புநீர், எண்ணெய், அடைப்பு, நுண்ணுயிர் ஆகிய நான்கும் சேர்ந்து செய்யும் வேலை இது. இதில் பிள்ளையின் ஒழுக்கத்திற்கோ, சோம்பலுக்கோ, மனத்தில் எழும் ஆசைக்கோ என்ன பங்கு இருக்கிறது? 12 முதல் 24 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் ஏதேனும் ஓரளவில் பருவால் தொல்லையுறுகின்றனர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அத்தனை பேருமா முகம் கழுவாதவர்கள்?

"அழுக்கால் வருகிறது"

மூக்கின் மீது கரும்புள்ளிகளைக் கண்டதும் அவை அழுக்கு என்று எண்ணித் தேய்ப்பவர்கள் பலர். அது அழுக்கன்று. அடைப்பின் வாய் திறந்திருக்கும்போது, அதிலுள்ள எண்ணெயும் தோலின் நிறமியும் காற்றுப்பட்டுக் கறுத்துத் தோன்றுகின்றன, அவ்வளவே. சோப்பு அந்த ஆழத்திற்குச் செல்வதில்லை. கடும் சோப்பைப் போட்டு அடிக்கடி தேய்த்தால் தோல் வறண்டு, எரிச்சலுற்று, பரு இன்னும் சிவக்கிறது.

நம் இல்லங்களில் ஒளுச் செய்யும்போது நாள்தோறும் பலமுறை முகம் நீர் காண்கிறது. அந்நீரே போதும், ஐந்து வேளையும் சோப்பு வேண்டா. காலையிலும் இரவிலும் மென்மையான சோப்பினால் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பதே தோல் மருத்துவர்கள் கூறும் அளவு.

"ரத்தம் கெட்டுவிட்டது, சூடு ஏறிவிட்டது"

பருவுக்கும் ரத்தத்தின் தூய்மைக்கும் தொடர்பில்லை. ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. பேதி மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவுவதால் கன்னத்து மயிர்க்காலின் அடைப்பு திறந்துவிடாது. பிள்ளை சோர்ந்து படுப்பதுதான் மிச்சம்!

"பொடுகு உதிர்ந்து முகத்தில் விழுவதால் வருகிறது" என்பதும் அத்தகையதே. எண்ணெய்ப் பசை மிகுந்த தோலுடையோர்க்குப் பொடுகும் பருவும் சேர்ந்தே காணப்படலாம். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுப்பதில்லை. ஆனால், தலையில் வழிய வழியத் தேய்க்கும் எண்ணெய் நெற்றியில் இறங்கி மயிர்க்கால்களை அடைத்து, அங்கே சிறு பருக்களை வரிசையாக எழுப்புவது உண்மையே. அதன் மேல் தலைத்துணியை இறுக்கிக் கட்டினால் வியர்வையும் உராய்வும் சேர்ந்துகொள்கின்றன. எண்ணெயைக் குறைத்து, தலைத்துணியையும் தலையணை உறையையும் அடிக்கடி துவைத்துக் கொள்வது நலம். தலைத்துணி குற்றவாளியன்று, அதில் ஊறிய எண்ணெயும் வியர்வையும்தான்.

"தின்றதால் வந்தது"

இதில் பாதி பொய், பாதி உண்மை. நேற்று உண்ட சமோசா இன்று பருவாக முளைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அடைப்பு வளர்ந்து பருவாக வெளிப்படுவதற்கே சில வாரங்கள் ஆகின்றன.

1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, "பரு கூடவில்லை" என்று அறிவித்தனர். ஒப்பிடுவதற்காக அவர்கள் கொடுத்த மற்ற மிட்டாயிலும் அதே அளவுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்று பின்னர் குறை கூறப்பட்டது. 2002-இல் வெளியான ஆய்வொன்று, பப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் கிழங்கும் கனியும் மீனும் தேங்காயும் உண்டு வாழும் 1,200 பேரைச் சோதித்தும் ஒரு பருவைக்கூடக் காணவில்லை என்று தெரிவித்தது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், சர்க்கரையையும் வெள்ளை மாவையும் குறைத்து உண்டவர்களுக்கு 12 வாரங்களில் பரு கூடுதலாகக் குறைந்தது.

ஆக, எண்ணெய்ப் பலகாரத்தைக் காட்டிலும் இனிப்பும் மைதாவும் குளிர்பானமுமே கவனிக்கத் தக்கவை. பாலுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உள்ளன. உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று பால்புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்கும் நம் பையன்களுக்குத் திடீரெனப் பரு மிகுவதுண்டு. அதையும் நினைவில் கொள்க. உணவைச் சீர்படுத்துவது எல்லா வகையிலும் நன்றே. எனினும், "தின்றாய், அதனால் அனுபவி" என்று பிள்ளையைக் குத்திக்காட்டுவதற்கு அதில் சான்றில்லை. ஏனெனில், பெரும்பங்கு பரம்பரையினுடையது. இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான முடிவு, பருவின் வேறுபாட்டில் 81 சதவீதம் மரபணுவால் அமைவது என்றது. பிள்ளையைக் கடியும் தாய், தம் பழைய புகைப்படத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது!

"நிக்காஹ் ஆனால் போய்விடும்"

பருவால் நிக்காஹ் தள்ளிப்போவதும், பருவை ஆற்றுவதற்கென்றே நிக்காஹை முன்தள்ளுவதும் ஆகிய இரண்டும் நம்மிடையே நிகழ்கின்றன. வயது கூடக்கூடப் பலருக்குப் பரு தானே அடங்குகிறது. அதே வயதில் நிக்காஹும் நடக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம். 25, 30 வயதைத் தாண்டியும் பருவோடிருக்கும் இல்லத்தரசிகள் எத்தனை பேர்!

பெண்ணுக்குப் பருவோடு மாதவிலக்கும் ஒழுங்கின்றித் தள்ளித் தள்ளி வந்து, முகவாயிலும் மேலுதட்டிலும் முடி வளருமாயின், அது சினைப்பையில் நீர்க்கட்டி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் சுரப்புநீர்க் கோளாறாக இருக்கக்கூடும். அதற்கு வேண்டியது மணமகனன்று, மருத்துவர்!

குழாயில் ஒளிந்திருக்கும் கேடு

இப்போது முதன்மையான செய்திக்கு வருவோம். வெட்கத்தால் மருந்துக் கடைக்குப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு அடங்கிய கிரீம். 1952-இல் முதன்முதலாகத் தோலின் மீது பூசப்பட்டு வெற்றி கண்ட ஹைட்ரோகார்ட்டிசோனின் வழிவந்தவை இவை; அதனினும் பன்மடங்கு வீரியம் மிக்கவை. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் இவை அரிய மருந்துகளே. முகப்பருவுக்கோ நஞ்சு!

ஏன் தெரியுமா? ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் சில நாட்களில் அடக்கிவிடுகிறது. நிறமும் சற்று வெளுக்கிறது. "ஆகா, என்ன மந்திரம்!" என்று பிள்ளை மகிழ்கிறாள், தோழிக்கும் சொல்கிறாள். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது. சிறு ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. முகத்தில் முடி வளர்கிறது. ஸ்டீராய்டே புதிய பருக்களை எழுப்புகிறது. நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரிகிறது. ஆகவே மறுபடியும் பூசுகிறாள். போதைக்கு அடிமையானவரைப் போல் முகம் அந்தக் குழாய்க்கு அடிமையாகிவிடுகிறது.

இது கற்பனையன்று. நம் நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடைபெற்று 2011-இல் வெளியான ஆய்வின் கணக்கைக் கேளுங்கள். முகத்தில் தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களில் 126 பேர் அதனை அழகுக் கிரீமாகவோ பொதுவான பூச்சாகவோ பயன்படுத்தினர். 104 பேர் பருவுக்காகவே பூசினர். மருத்துவரல்லாதோர் சொல்லக் கேட்டுப் பூசியவர்கள் 257 பேர். கேடு விளைந்தோர் 392 பேர். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு! அக்கேடுகளுள் முதலிடம் பெற்றது எது? பரு! பருவைப் போக்க வாங்கியது பருவையே வளர்த்தது.

வெளிப்பூச்சு மருந்துகளுக்குச் சட்டத்தில் இருந்த விலக்கு இதற்கு வழிவிட்டது. 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. ஆனால், சட்டம் அலமாரியைத்தான் பூட்ட முடியும். அக்கம்பக்கத்தார் நாவைப் பூட்ட முடியாதன்றோ? "என் மகளுக்கு நன்றாகக் கேட்டது, நீயும் பூசு" என்று கைமாறும் குழாய்க்கு எந்தச் சீட்டும் தேவைப்படுவதில்லை.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் அச்சத்தால் திடீரென நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். எரிச்சல் பொங்காமல் அதிலிருந்து விடுபடும் வழியை அவர் அறிவார்.

வெளிநாட்டிலிருந்து வரும் வெண்மை

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம் டப்பாக்களும் வந்து சேர்வது நம் குடும்பங்களில் வழக்கம். செய்முறையோ உட்பொருளோ குறிக்கப்படாத இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் நிறமியைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது; அதே பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். கோட்டக்கல்லிலுள்ள சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேரைக் கண்டனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. தோண்டித் துருவி விசாரித்தபோது, அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் எனத் தெரிந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பது ஆறுதல். கன்னத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய்த் தைத்தது! எண்ணிப் பாருங்கள்!

மாத்திரைகள் குறித்து இரு எச்சரிக்கைகள்

முதலாவது: ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை, 1982 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, உலகெங்கும் கடும் பருவுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. தழும்பு விடும் பருக்களுக்கு அதனினும் வல்ல மருந்து அரிது. ஆனால், கருவுற்ற பெண் அதை உட்கொண்டால் கருவிலிருக்கும் குழந்தை பெரும் ஊனத்தோடு பிறக்க நேரிடும். மணமானவர்களும் மணநாள் குறிக்கப்பட்டவர்களும் அந்த உண்மையை மருத்துவரிடம் வெட்கமின்றிச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு மாதம் கருத்தரிக்கலாகாது. தோழியின் மாத்திரையை வாங்கி விழுங்குவதோ முற்றிலும் தகாது.

இரண்டாவது, நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய தாம்பரம் சானடோரியம், இன்று நெஞ்சக நோய் அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. காச நோய்க்கு அங்கே மருந்து உண்போர் நம் தெருக்களிலும் உண்டு. அம்மருந்துகளுள் ஒன்றான ஐசோநயசிட், சிலருக்குப் பரு போன்ற கொப்புளங்களை எழுப்புகிறது. "மருந்துச் சூடு" என்று அஞ்சி அதை நடுவில் நிறுத்திவிடுதல் பேராபத்து! பரு முகத்தோடு போகும். பாதியில் விட்ட காச நோய் உயிரோடு விளையாடும். மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தைத் தொடருங்கள்.

செய்யத் தக்கவை

பருவைக் கிள்ளாதீர்கள், கிள்ளினால் தழும்பு நிலைத்துவிடும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, பூண்டு ஆகியவற்றைப் பூசினால் தோல் வெந்து கருமை படியும். சிறு பருக்களுக்குப் பென்சாயில் பெராக்சைடு, அடபலீன் போன்ற பூச்சுகளைத் தோல் மருத்துவர் எழுதித் தருவார். அவை ஒரு வாரத்தில் மந்திரம் செய்வதில்லை. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். விரைவாக வெளுக்கச் செய்வதை ஐயுறுங்கள். மெல்லக் குணப்படுத்துவதை நம்புங்கள்.

பணம் செலவாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு இயங்குகிறது. தாம்பரத்திலிருந்து இரு பக்கமும் மின்ரயில் செல்கிறது. ஒரு காலைப் பொழுதைப் பிள்ளைக்காக ஒதுக்கினால் போதும்.

பெரியோர்களுக்கு ஒரு சொல். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் 3,700-க்கும் மேற்பட்ட இளையோரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், மிகுந்த பருவுடைய பெண்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. பரு உயிரைக் கொல்லும் நோயன்று. ஆயினும், கண்ணாடியைப் பார்க்க அஞ்சி, உறவினர் வீட்டு விருந்துக்கு வர மறுத்து, மூலையில் முடங்கும் பிள்ளையின் மௌனத்தை அற்பமாக எண்ணிவிடலாகாது. பிறர் தோற்றத்தைப் பழித்துப் பேசுதல் ஆகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கின்ற நாமே, நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "என்ன இது அசிங்கம்?" என்று கேட்கலாமா?

அவளிடம் சொல்ல வேண்டியவை மூன்றே சொற்றொடர்கள். "இது உன் குற்றமன்று. இதற்கு மருந்து இருக்கிறது. வா, சேர்ந்து போவோம்." இம்மூன்றையும் தாய் சொல்லிவிட்டால், மகள் தனியாக மருந்துக் கடைப்படி ஏற மாட்டாள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.